லூர்துமேரிக்கு வந்த காமாலை

கோதுமை ரவை அளக்கும்போது படியைக் குலுக்கக் கூடாது, சாமி. குலுக்கினால் ஒருவருக்குக் கூடிப்போகும். இந்தக் கோயிலில் உபதேசியாராக எத்தனையோ வருடம் அளந்திருக்கிறேன், ஒருநாளும் குலுக்கியதில்லை. நான் இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சரிதான், கொன்றேன். ஏன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பத்து மூன்றில் மழை இல்லாமல் போனபோது, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று ரவையும் எண்ணெயும் பால்பவுடர் டப்பாவும் கோயிலுக்கு வந்தன. அந்த வருடம்தான் இன்னாசிராஜும் ராயம்மாளும் பிரிந்தார்கள். அவன் கீழத்தெருவில். அவள் மேலத்தெருவில், அண்ணன் வீட்டில். ஒரே மகள் வேளாங்கண்ணி. ஒரு வாரம் அப்பன், ஒரு வாரம் ஆத்தாள் என்று பேசி முடித்தார்கள். இருவரும் பிள்ளையை ஒரே மாதிரிதான் தாங்கினார்கள். பங்குதான் ஒன்றாக இருந்தது.

ஒரு மாதம் அவனுக்கு, மறுமாதம் அவளுக்கு என்று கொடுத்துப் பார்த்தேன். டப்பா இருந்த வீட்டைத் தேடிப் பிள்ளை ஓடியது.

“எங்க வூட்டு வாரத்துலயும் அப்பன் வூட்டுக்கே ஓடறாளுங்க. பெத்தவள விட டப்பா பெருசாப் போச்சுங்க” என்று ராயம்மாள் அழுதாள். அடுத்த மாதம் இன்னாசிராஜ் வந்து அதையே சொன்னான். அவன் அழவில்லை, மூக்கை மட்டும் சிந்தினான்.

டப்பாவை உடைத்துப் பாதியாக்கியிருக்கலாமே என்பீர்கள். சீல் வைத்த டப்பாவை உடைக்கக் கூடாது என்று உத்தரவு. நான் உத்தரவை மீறுகிறவன் அல்ல. ஆகவே இன்னொரு பிள்ளையை உண்டாக்கினேன்.

வேளாங்கண்ணியோடு பிறந்த இரட்டை, பெயர் லூர்துமேரி என்று பேரேட்டில் எழுதினேன். வேளாங்கண்ணி அப்பனின் கணக்கு, லூர்துமேரி ஆத்தாளின் கணக்கு. பெற்றவர்கள் இருவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது.

பிறகு பங்கு வாங்கும் பிள்ளைகளை எடை போட மடத்து சிஸ்டர் வந்தார். காலையில் இன்னாசிராஜ் வேளாங்கண்ணியைத் தராசில் ஏற்றினான். மத்தியானம் ராயம்மாள் அதே பிள்ளைக்கு இரட்டைச் சடை போட்டு லூர்துமேரியாகக் கூட்டிவந்தாள். இடையில் பிள்ளை வயிறு நிறையக் களி தின்றிருந்தது.

“அம்மாகிட்ட வளர்ற புள்ளதான் நல்லா இருக்குது. அப்பாவுக்குக் கவனம் பத்தல” என்றார் சிஸ்டர். இன்னாசிராஜ் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதோடு நிற்கவில்லை. இருவரையும் தர்மபுரியில் போர்டிங்கில் சேர்க்கலாம், ஒன்றாகக் கூட்டி வாருங்கள் என்றார் சிஸ்டர். ஒன்றாக எப்படிக் கூட்டிப் போவது? லூர்துமேரியை மஞ்சள் காமாலையில் கொன்றேன். வேதனை இல்லாத சாவு.

ராயம்மாள் தலைவிரி கோலமாக வந்தாள். “ஏனுங்க, எம்புள்ளதான் சாவோணுமா? அந்தாளு புள்ள சாவக் கூடாதா?”

நியாயமான கேள்வி. இன்னாசிராஜிடம் போய்க் கேட்டேன். “எம்புள்ளய உட்டுத் தரமாட்டனுங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டான். ஒருத்தி பிள்ளை போய், ஒருத்தன் பிள்ளை மட்டும் இருந்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும், சாமி? வேளாங்கண்ணியையும் அதே காமாலையில் போகவிட்டேன்.

சிஸ்டர் தேம்பி அழுதார். துக்கமணியை நானே அடித்தேன். சத்தம் கேட்டு வேளாங்கண்ணி ஓடிவந்து, கயிற்றைத் தானும் இழுக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரம் கொடுத்தேன்.

பங்கு நின்றுபோனது. புருஷன் பெண்டாட்டி இருவரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. அதிலும் ஏற்றத்தாழ்வு கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையே ஒரு போசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ரவை வரிசையில் வந்து நின்றது. பெயர் கேட்டேன். “வேளாங்கண்ணிங்க, தாத்தா” என்றது. அந்தப் பெயரில் யாரும் உயிரோடு இல்லை, கண்ணு, என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அதட்டவில்லை.

பெற்றவர்கள் இருவருக்கும் குந்துமணி அளவுகூட வித்தியாசம் வராமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை எதற்கு அழுதுகொண்டு போனது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை, சாமி.