பூண்டிப் பெண்ணின் வைஃபை கார்டு

உ

கொடைக்கானலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி ஈரம். ஜூலை பிறந்தால் கீபோர்டுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பதினெட்டு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பில்லோ மளிகைச் சீட்டோ, மேலே பிள்ளையார் சுழி போடாமல் எனக்குப் பேனா நகராது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் எழுதினாலும் முதல் வரியில் 'உ' இருக்கும். அப்பா அடித்துப் பழக்கியது.

பாவா பாய், வியாபாரிகள் சங்கத் தலைவர் என்கிற முறையில் நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

மலைக்குள் தள்ளியிருக்கும் பூண்டி கிராமத்தில் கேரட் கழுவும் வீரம்மாளின் மகள் சத்தியபிரியா, போன மார்ச்சில் ஒரு பழைய லேப்டாப்போடு வந்தாள். அவள் மாமன் மகனுக்கு எப்போதோ பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அதை ஓட்டுவது லினக்ஸ் சிஸ்டம். வைஃபை வரவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கார்டு செத்துப்போச்சும்மா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மறுவாரம் மறுபடி வந்தாள். கடையில் ஆறு பேர் நின்றார்கள்.

"அண்ணே, கார்டு நல்லாத்தான் கெடக்கு. அது ஓடுறதுக்கு ஒரு ஃபைல் வேணுமாம், அதுதான் இல்ல. நூலகத்துக் கம்ப்யூட்டர்ல தேடி எடுத்துப் போட்டேன், வந்திருச்சு. மத்தவங்களுக்கும் உதவுமேன்னு சொல்ல வந்தேன்."

லாட்ஜ் சிவராமன் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏலே ஜெயமுருகா, பேசாம இந்தப் புள்ளைய கடையில உக்கார வச்சிட்டு நீ கேரட் கழுவப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. பதினேழு வயசு. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வந்து நின்றாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலையில் கீபோர்டு மாற்றக் கொண்டுவந்தாள். நர்சிங் காலேஜ் அப்ளிகேஷனுக்கு மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி. சர்டிபிகேட் எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது, வெரசாக் கொடுங்கண்ணே என்றாள். கீபோர்டை ஒழுங்காக மாற்றினேன். அதன்பிறகு ஒரு சின்ன ஃபைல் எழுதிச் சேர்த்தேன். இனிமேல் அந்தக் கார்டை எழுப்பாதே என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஒரே வரி. ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது. ஒருமுறை அணைத்துப் போட்டால் வைஃபை இருந்த சுவடே இருக்காது. என் கண் முன்னால்தான் சோதித்துப் பார்த்தாள். வைஃபை வந்தது. நன்றி சொல்லி, அணைத்து, பையில் வைத்தாள்.

பூண்டியில் நூலகத்தில் மட்டும் வைஃபை உண்டு. அங்கிருந்த கம்ப்யூட்டர் அந்த வாரம் ரிப்பேருக்காக என் கடையில் கிடந்தது. அடுத்தவர் போனை வாங்கியாவது அவள் வழி தேடியிருக்கலாம். ஆனால் தானே சரிசெய்யத் தெரிந்தவர்கள் வெள்ளனே போய் யாரிடமும் கேட்க மாட்டார்கள். என்னை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் நாலரை மணிக்கு அவள் அம்மாவின் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, காலையிலிருந்து பாக்கேன். கார்டே காட்ட மாட்டேங்குது. என்ன செய்யன்னு சொல்லுங்கண்ணே."

பக்கத்தில் வீரம்மாள் அழுவது கேட்டது. அந்த ஃபைலை அழித்துவிட்டு லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டால் இரண்டு நிமிஷ வேலை.

"கார்டு செத்துப்போச்சும்மா. அன்னைக்கே சொன்னேன்ல" என்றேன். மனசு நிறைந்தது.

அப்ளிகேஷன் தவறிப்போன அவளை நான் அப்படியே விட்டுவிடவில்லை. கடையில் வேலை கொடுத்தேன். வீரம்மாள் கும்பிட்டாள். மூன்று மாதமாகக் கீபோர்டு துடைத்தாள். சிவராமன் வரும்போதெல்லாம் அவளைத்தான் டீ வாங்க அனுப்புவேன். அவரும் இப்போது சிரிப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டமில்லை. தன் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு ஃபைலாகத் தேடியிருக்கிறாள். என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அழவில்லை.

"இதுக்குமாண்ணே சுழி போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

திரையில் என் 'உ', அதன் கீழே அந்த ஒரு வரி. அந்த லேப்டாப்போடுதான் நேரே உங்களிடம் வந்தாள்.

கோபத்தில் புத்தி தடுமாறிச் செய்துவிட்டேன் என்று எழுதினால் சங்கம் மன்னித்துவிடும் என்று நீங்கள் ஆள் சொல்லி அனுப்பினீர்கள். அப்படி எழுத மாட்டேன், பாய். நான் நிதானமானவன். கோபத்தில் செய்கிறவன் பிள்ளையாரை நினைத்துக்கொண்டா ஆரம்பிப்பான்?