லிட்டருக்குப் பதினாலு

— பெட்ரோல் முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு மாப்ள.

— அது கெடக்கு மச்சான். இன்னும் மூணு லிட்டர் இருக்கும்.

— ஏங்க, மெதுவா! பள்ளத்துல விட்டா உயிரே போவுது.

— பொறுத்துக்க லின்சி. தஞ்சாவூர் வந்துரும்.

— அண்ணே, நீ சொல்லு. இன்னும் எவ்வளவு தூரம்?

— முப்பத்தஞ்சு கிலோமீட்டர்மா. எந்திரிக்காத, படுத்துக்க. மாப்ளதான் லிட்டருக்குப் பதினாலு குடுக்குதுன்னாரே. மூணு லிட்டருக்கு நாப்பத்திரண்டு. தாராளமாப் போயிரலாம்.

— ம்.

— என்ன ம்?

— ஏசிய நிறுத்திடறேன் மச்சான்.

— வேணாங்க, வேர்த்துக் கொட்டுது எனக்கு. மாதாவே!

— ஏழு கிலோமீட்டர் மிச்சம் கெடக்குது, ஏசிய எதுக்கு நிறுத்தணும்?

— சும்மாதான். எல்லாம் இந்த பந்த்னால வந்தது. பெட்ரோல் பங்க மூடிட்டா காவிரியில தண்ணி வந்துருமா? பட்டுக்கோட்டையில ஒருத்தனாவது தெறந்திருப்பான்னு நெனச்சேன்.

— மூணு நாளா ஊரே சொல்லிக்கிட்டு இருந்துச்சு, பந்த்துன்னு.

— ப்ச், விடுங்க. பின்னாடி யாரு அது? பேராவூரணியிலேருந்து ஒரு வெள்ள மாருதி ஒட்டிக்கிட்டே வருது.

— ரோட்டப் பாருங்க. ஒரத்தநாடு வரப்போவுது.

— மச்சான், பேசாம ஒரத்தநாட்டுலயே காட்டிருவோமா?

— வெளையாடறீங்களா? குழந்த குறுக்க கெடக்குது, ஆபரேஷன் பண்ணணும், தஞ்சாவூருக்குத்தான் போகணும்னு காலையில டாக்டரம்மா சொன்னப்ப நீங்களும்தான நின்னீங்க?

— இல்ல, வழியில நின்னுட்டா?

— பதினாலு குடுக்கற வண்டி எப்படி நிக்கும்?

— அது... வந்து...

— மாப்ள, இருபது வருஷமா வண்டி பாக்கறவன் இந்த ஜோஸ்வா. ஒன்றரை டன் வண்டி இது. எங்கப்பா முன்னாடி நீங்க பதினாலுன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு, மரியாதைக்கு அடக்கிக்கிட்டேன். இப்ப என் தங்கச்சி பின்னாடி துடிச்சுக்கிட்டுக் கெடக்கா. நெசத்தச் சொல்லுங்க.

— குவைத்துலேருந்து வந்து இவ்வளவு பெரிய வண்டி வாங்கினேன். எவனாவது நல்லாருக்குன்னு சொன்னானா? எல்லாரும் எவ்வளவு குடுக்குது, எவ்வளவு குடுக்குதுன்னு...

— ரெமிஜியஸ்! எவ்வளவு?

— எட்டு.

— எட்டா! எங்கப்பாவோட அம்பாசடரே ஒம்பது குடுத்துச்சுய்யா! முப்பது வருஷத்துல இஞ்சினு எவ்வளவோ முன்னேறிருச்சு. அது மிச்சம் புடிச்சுக் குடுத்ததெல்லாம் வண்டியோட வெயிட்டே தின்னுருது. ஒரு புள்ளத்தாச்சியக் கொண்டு போக ஒன்றரை டன் இரும்பு!

— மூவெட்டு இருபத்திநாலு. ஒரத்தநாடு தாண்டி நடுரோட்டுல நின்னுரும்ணே.

— நீ பேசாதம்மா, மூச்ச விடு. மாப்ள, ஓரங்கட்டுங்க.

— நிறுத்திட்டு என்ன பண்றது?

— பின்னாடி வர்ற மாருதி என்னோடதுதான். என் வீட்டுக்காரி அருள்செல்வி ஓட்டிக்கிட்டு வர்றா. காலையில அதுலயே போவோம்னு சொன்னேன். தகர டப்பாவுல என் பொண்டாட்டிய ஏத்த மாட்டேன்னு குதிச்சீங்க. மல்லுக்கு நிக்க நேரமில்ல. அதான் அவள வரச் சொன்னேன்.

— அதுல பெட்ரோல் இருக்கா?

— ரெண்டரை லிட்டர் இருக்கு. பதினாறு குடுக்கும். பழைய வண்டி, அதுக்கு மேல சொன்னா பொய். ஆனா தஞ்சாவூர் போய்ச் சேந்துரும்.

— லின்சி, மெல்ல எறங்கு. என் தோளப் புடிச்சுக்க. மச்சான், பின்சீட்டுல இவ படுக்கட்டும். முன்னாடி உங்க வீட்டம்மா பக்கத்துல ஒரு ஆளுக்குத்தான் எடம். நான் ஒக்காந்துக்கறேன். நீங்க இருந்து வண்டியப் பாத்துக்கங்க.

— இல்லங்க. அண்ணன் வரட்டும்.

— லின்சி! புருஷன்டி நான்!

— நான் கண்ணு முழிச்சதும் குழந்த எப்படி இருக்குன்னுதாங்க மொதல்ல கேப்பேன். நெசத்தச் சொல்ற ஆளு பக்கத்துல வேணும்.