சுவருக்கு அந்தப் பக்கம்

டக், டக்... வாசல்ல நின்னு பேனா பட்டனைத்தான அமுக்கறீங்க? தாழ் போடல, தள்ளிக்கிட்டு உள்ள வாங்க தம்பி. நீங்க படியேறும்போதே கேட்டுச்சு. காது மிஷின் மாட்டின அம்மா ஒரு வாயாடி, சீக்கிரம் விடமாட்டாங்கன்னு போன்ல யார்கிட்டயோ சொன்னீங்களே, அதுவுந்தான். அட, உக்காருங்க. உள்ளதைத்தான சொன்னீங்க. இந்தத் துணியெல்லாம் அப்படித் தள்ளிவச்சிடறேன், அப்புறம் மடிச்சுக்கலாம்.

மிஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. ரொம்ப நல்லா. அதான் வம்பு. தகரப் பட்டறையில வேலை செஞ்சு, அந்தச் சத்தத்துல காது போயி பதினோரு வருஷம். போன மாசம் நீங்க இதை மாட்டிவிட்டீங்க, இப்ப எதிர்வீட்டுக்காரி எங்கிட்ட இரவல் வாங்கின அண்டாவைத் தன்னோடதுன்னு தங்கச்சிகிட்ட அளக்கறது வரைக்கும் கேக்குது. நேராப் போய் வாங்கிட்டு வந்துட்டேன். எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னும் முழிக்கறா.

என்ன பேப்பர் அது? ஓ. சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசறதும் கேக்கும்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியணுமா. எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணுமா. நியாயந்தான். ஆனா போட்டா என் குட்டு உடைஞ்சிடுமே.

கூப்பிடாதீங்க, பாத்திரம் கழுவறார். குழாய் ஓடுது, நாம பேசறது அவருக்குக் கேக்காது. அவர் பேசறது எனக்குக் கேக்கும். சிரிக்காதீங்க தம்பி.

எனக்குக் காது போனதுலருந்து அவருக்கு ஒரு பழக்கம். எம் முதுகுப் பக்கம் நின்னு பேசுவார். சமையல்ல உப்பே இல்லம்பார், எங்கண்ணனை வெத்துவேட்டும்பார். நான் திரும்பிட்டா, ஆஹான்னு தலையாட்டிச் சாப்பிடுவார். மிஷின் மாட்டியும் சரியாக் கேக்கலன்னு அவர்கிட்ட ஒரு பொய்யைச் சொல்லிவச்சேன். மறுநாள் உப்பை ரெண்டு கை அள்ளிப் போட்டேன். ஒட்டுக்கேக்கறதுதான், இல்லங்கல. அதுக்கும் உங்க பேப்பர்ல ஒரு கட்டம் இருக்கா?

ரெண்டாவது வாரம்தான், பாத்திரம் கழுவும்போது அவர் தனியாப் பேசறது காதுல விழுந்துச்சு. தினமும் அதேதான், வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி. அதே பட்டறையில இவர்தான் ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கறவர். அவர் சொல்றது இதான்: சத்தத்துக்கு மாட்டற புதுக் காதடைப்பு வந்திருந்துச்சு, பெட்டியைப் பிரிக்கச் சோம்பல்பட்டுத் தேஞ்ச பழசையே உனக்கு எடுத்துக் குடுத்தேன், என்னாலதான் உனக்கு இப்படின்னு. சொல்லிட்டுத் தட்டைக் கழுவுவார். பதினோரு வருஷமாச் சொல்லிட்டிருக்கார் போல.

கையெழுத்து வேணாம் தம்பி. சுவர் தாண்டிக் கேக்கற அந்தச் சமாச்சாரத்தை அணைச்சிடுங்க. எதிர்ல நின்னு பேசறது கேட்டாப் போதும். மிஷின் சரியாயிடுச்சு, முன்னால வந்து பேசினாக் கேக்கும்னு இன்னைக்கு அவர்கிட்ட நானே சொல்லிடறேன். சொல்லணும்னு இருந்தா வந்து சொல்லட்டும். பதில் தயாரா வச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்வேனா? அவருக்குத்தான்.

அணைச்சாச்சா? ம். குழாய்ச் சத்தம் கூடக் கேக்கல.

அந்தப் போர்வையை இப்படித் தள்ளுங்க. ரெண்டு முனையையும் பிடிச்சுக்குங்க, தனியா மடிக்க வரமாட்டேங்குது.