கழுவாத மில்லும் கலங்காத தட்டும்

தலைமை தாங்கும் எங்கள் தொழிற்சாலைத் தலைவி நோலீன் பாஸ்கோ அவர்களே! அனலோடு அன்றாடம் மல்லுக்கட்டும் அருமைத் தோழர்களே! பெண்டிகோ நகரின் பெருமைமிகு தாய்மார்களே! பின்வரிசையில் பியரும் கையுமாக நிற்கும் பெரியோர்களே! களிமண் அரைக்கும் மெர்வின் டூயியின் வணக்கம்!

போன மாதம் நம் நிலை என்ன? சூளைக்குள் பாத்திரம் அடுக்கும் தட்டுகளைச் செய்கிறோம், செய்ததெல்லாம் உடைந்தது! செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் போடுவேன், வெடித்தால் வேறு ஊர் பார்ப்பேன் என்றார் வாங்குபவர். நாற்பத்தொரு பேரின் பிழைப்பு அந்தத் தொட்டியில் கிடந்தது!

பதினொரு தட்டு போட்டார், பதினொன்றும் பிளந்தன. பன்னிரண்டாவது? கீறல்கூட இல்லை! "மாத முடிவுக்குள் எல்லாமே இப்படி வேண்டும்" என்று போய்விட்டார்.

"இது எந்த மில்லுல அரைச்சது?" என்றாள் ஆய்வுக்கூடத்து ஐரீன். மூன்றாம் மில்! என் மில்! அதில் முந்தைய நாள் அரைத்தது வெள்ளைப் பூச்சுக்கான டைட்டேனியம் ஆக்சைடு. கழுவினேனா? கால்பந்து இறுதி ஆட்டமய்யா! குறிப்பேட்டில் 'கழுவியாயிற்று' என்று எழுதிவிட்டு ஓடினேன். சிரிக்காதீர்கள், பாதிப் பேர் என்னோடுதான் ஓடி வந்தீர்கள்!

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால்? எல்லார் வேலையும் போகும்!

"நோலீன், நான் மில்ல கழுவல. டைட்டேனியம் மிச்சம் கெடந்துச்சு."

"கழுவுனதா எழுதியிருக்கியே! வெக்கமா இல்ல?"

"அவன அப்புறம் திட்டு நோலீன்!" துள்ளினாள் ஐரீன். "சுத்தம் சுத்தம்னு புது மண்ணு வாங்குனோம்ல? பழைய மண்ணுல இருந்த டைட்டேனியம் அதுல இல்ல. அதான் வெடிக்குது!"

மண்ணிலுள்ள அலுமினாவும் சிலிக்காவும் அனலிலே கூடினால் முல்லைட்டுப் படிகம்! ஊசி ஊசியாய் வளரும், ஒன்றோடொன்று பின்னும், விரிசலை விடாது! நம் சூளைச் சூட்டில் அவை கூடத் தயங்கின. கூட்டிவைத்தது எது? நூற்றுக்கு இரண்டே பங்கு டைட்டேனியம் ஆக்சைடு!

"ரெண்டே இவ்வளவு பண்ணுச்சுன்னா பத்து போடுவோம்!" என்றேன். தட்டு உருகிய சீஸ் போலச் சரிந்தது. இரும்பு ஆக்சைடு போட்டோம். இறுகியது, ஆனால் மேலே வைத்த வெள்ளைப் பாத்திரமெல்லாம் கறை! "நீ வாய மூடு மெர்வ்" என்று ஐரீன் டைட்டேனியம் இரண்டு பங்குக்கே திரும்பினாள்.

கெடு நாள் வந்தது. பன்னிரண்டு தட்டு. ஒன்று, சீறியது, உடையவில்லை! இரண்டு, சீறியது, உடையவில்லை! பன்னிரண்டும், தோழர்களே, பன்னிரண்டும் முழுசாக வந்தன! வாங்குபவர் கையெழுத்துப் போட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

நோலீன் என்னிடம் வந்தார். "பொய் எழுதுனதுக்கு ரெண்டு வாரம் வீட்ல கெட. உண்மைய சொன்னதுக்கு மூணாவது வாரம் வந்துரு."

அந்த இரண்டு வாரம் இன்றோடு முடிகிறது! நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த வாசலில் நாற்பத்தொரு பேர் நுழைவோம். நாற்பத்தொன்றாவது ஆள் நான்!

பொறுத்த தலைவிக்கும், கண்டுபிடித்த ஐரீனுக்கும், கைதட்டிய உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!