எழுநூறு வருஷத்துத் தாப்பாள்

…இல்ல மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. எழுநூறு வருஷமா இந்த ஊர்க் கதவுக்குத் தாப்பாளே கெடையாது. யாருக்காவது ஒரு கொறைச்சல் இருந்துச்சா? பூனை வந்துச்சு, பூனை போச்சு. தபால்காரர் வந்தாரு, கரண்டு பில்லக் குடுத்துட்டுப் போனாரு. நேத்து சாயங்காலம் பேண்டு வாத்தியத்தோட தாப்பாள் வந்து எறங்குச்சு. இன்னைக்கு விடிஞ்சு பாத்தா ஊரே உள்ள மாட்டிக்கிச்சு! இந்த பெத்ரால்தா ஊருக்கு என்ன ஒரு யோகம் பாருங்க!

ஐயோ, அந்த டார்ச்ச வாயிலேருந்து எடுக்காதீங்க! கதவு மூடுனதுல இங்க ஒரே இருட்டு, உங்களுக்கு ரெண்டு கையும் வேணும்ல? அப்படியே கடிச்சுக்கிட்டே இருங்க. பேசற வேலைய நான் பாத்துக்கறேன், நீங்க தாப்பாளப் பாருங்க. மணி இப்ப பதினொண்ணேகால். பதினொண்ணு முப்பத்தஞ்சுக்குள்ள எங்க காரு இந்தக் கதவத் தாண்டியாகணும். அதுக்கு மேல போனா என் பொண்ணுக்கு ஞானஸ்நானமும் இல்ல, எனக்கு நிம்மதியும் இல்ல.

இதான் பொண்ணு. செலேஸ்தே. நாலு மாசம் ஆகுது. பாருங்க, எப்படித் தூங்குறான்னு. ஊரே மேல சதுக்கத்துல நின்னு தொண்டை கிழியக் கத்துது, இவளுக்கு ஒரு கவலை கெடையாது. அப்படியே அவ அப்பன்.

என்ன? பெட்டியவா காட்டறீங்க? ஆமா, உங்க பெட்டி மேலதான் உக்காந்திருக்கேன். குழந்தை ஏழு கிலோ, நின்னுக்கிட்டே வெச்சிருந்தா கை கழண்டுரும். அதோட மேஸ்திரி, உண்மையச் சொல்லிடறேனே… பெட்டிய நீங்க கயித்துல கட்டி மதில் மேல ஏத்தும்போதே நான் பாத்துட்டேன். உள்ள ரம்பம் இருக்கு. அதனாலதான் உக்காந்தேன். எந்திரிக்க மாட்டேன். ரம்பத்த மறந்துருங்க.

விரலக் குவிச்சு அப்படி ஆட்டுனா நான் பயந்துருவேனா? எங்க மாமியார் வேலியா தெனமும் மூணு வேளை ஆட்டுறாங்க.

நீங்க பள்ளத்தாக்குப் பூட்டுக்காரரு, ரயில் வர்ற ஊரு. உங்களுக்கு எங்க கதை புரியாது. இந்தா, இந்த இடுக்கு வழியாப் பாத்தா தெரியும்ல, எதிர்க் குன்று? அதான் மொந்தெலூப்பா. கத்துனா கேக்குற தூரம். அங்க பூண்டு வதக்குனா இங்க வயிறு கூப்பிடும். ஆனா போகணும்னா கீழ ஓடை வரைக்கும் எறங்கி, அந்த ஒத்தப் பாலத்தத் தாண்டி, திரும்ப மேல ஏறணும். பதினாலு கிலோமீட்டர், அறுபத்தியோரு வளைவு. குறுக்க ஒரு பாலம் கட்டலாம்னு எங்க மாமனாரோட அப்பா காலத்துலேருந்து பேச்சு நடக்குது. எந்த ஊர் பேரு பாலத்துக்குன்னு முடிவாகல. பாலமா முக்கியம்? பேருதான முக்கியம்!

மணியும் அப்படித்தான். மொந்தெலூப்பாக் கோயில் மணி அஞ்சு நிமிஷம் முன்னாடியே அடிக்கும். பெத்ரால்தா சொல்லித்தான் எங்களுக்கு மத்தியானம் வரணுமான்னு ஒரு ரோஷம். இவங்க மட்டும் என்ன சும்மாவா? இவங்க கோபுரத்துல கடிகாரம் மூணு பக்கம்தான் இருக்கு. நாலாவது பக்கம் மொட்டச் சுவரு. அது எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும். எதிரிக்கு ஓசில மணி காட்டுவாங்களா!

இந்தத் தாப்பாள் கதைதான் இதுக்கெல்லாம் தாய்க் கதை. எழுநூறு வருஷம் முன்னாடி ஒரு கார்த்திகை மாசத்துப் பனியில, முந்நூறு மொந்தெலூப்பாக்காரன் ஈட்டியும் தீவட்டியுமா மதிலேறிக் குதிச்சான். பெத்ரால்தா வீரனுங்க விடிய விடியச் சண்டை போட்டாங்க. கடைசில எதிரியால ஒரு கோழியக்கூடத் தூக்க முடியல. தாப்பாள மட்டும் புடுங்கிட்டு ஓடிட்டான். இது மேயர் ஒரேஸ்தே நேத்து மேடையில சொன்னது. கண்ணுல தண்ணியோட சொன்னாரு, பாவம்.

முந்நூறு பேராம்! அன்னைக்கு அந்த ஊர்ல குஞ்சு குளுவான் எல்லாம் சேத்தாலும் முந்நூறு தேறாது. வந்தது நாலே பேரு, ஒரு கழுதை. காவக்காரன் நல்லாத் தூங்கிட்டிருந்தான். தாப்பாள உருவி, கழுதை மேல வெச்சு, காலாற நடந்து வந்தோம். எங்க பள்ளிக்கூடத்துல படம் போட்டே…

…ஆமா. சரி. பாக்காதீங்க அப்படி. நான் மொந்தெலூப்பாவுல பொறந்தவதான். இங்க கல்யாணம் ஆகி வந்து மூணு வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரி எங்கிட்ட ஒரு கப் மாவு கடன் கேட்டாக்கூட எதிரி நாட்டு உதவி வாங்குன மாதிரிதான் வாங்கிக்குவா. அங்க போனா எங்க சித்தி “வந்துட்டா பெத்ரால்தாக்காரி”ன்னு நாற்காலியத் தொடச்சுப் போடுவாங்க. ரெண்டு ஊர்லயும் எனக்கு அவ்வளவு மரியாதை!

எங்க அம்மா இருக்காங்களே, பெத்ரால்தா மண்ண மிதிக்க மாட்டேன்னு சபதம். கல்யாணத்துக்கே வரல. பால்கனியில நின்னு மேஜை விரிப்ப ஆட்டுனாங்க, அவ்வளவுதான் ஆசீர்வாதம். மாமியார் வேலியா அதுக்கு மேல. மொந்தெலூப்பாப் பக்கம் திரும்பி அவங்க ஒரு ஜன்னல்கூடத் தொறக்க மாட்டாங்க, இவள அங்க தூக்கிட்டுப் போகவும் விட மாட்டாங்க. நாலு மாசமா எங்க அம்மா பேத்தியத் தூக்கல மேஸ்திரி. தெனமும் நான் இவள ஜன்னல்ல தூக்கிக் காட்டுவேன். அங்க அம்மா கைய ஆட்டுவாங்க. தெரியறது ஒரு வெள்ளப் புள்ளிதான். அதப் பாத்து அவங்க “மூக்கு நம்ம வம்சம்”னு போன்ல சொல்றாங்க.

அப்புறம் எப்படி இன்னைக்கு விடிஞ்சுதுன்னு கேளுங்க. மொந்தெலூப்பாக் கோயில் ஞானஸ்நானத் தொட்டியில ஆறு வருஷமா ஒரு குழந்தை தலை நனையல. இருக்கறதெல்லாம் கெழடுங்க. அல்பீனோ சாமியார் தொட்டியத் தொறந்து பாத்தா உள்ள எட்டுக்கால்பூச்சி குடும்பம் நடத்துது. மனுஷன் நேரா இங்க வந்து மேயர்கிட்டக் கேட்டாரு, “எங்க திருவிழா அன்னைக்கு உங்க குழந்தைய எங்க தொட்டிக்கு அனுப்புங்க, உங்க தாப்பாள உங்களுக்கே தர்றோம்”னு. ஒரேஸ்தேக்குத் தல கால் புரியல. எழுநூறு வருஷம் எந்த மேயராலயும் ஆகாத காரியமாச்சே! காகிதத்துல எழுதி ரெண்டு ஊரும் கையெழுத்துப் போட்டாச்சு. திருவிழா அன்னைக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள குழந்தை வரணும். வரலைன்னா தாப்பாள் திரும்பிடணும்.

என்னைய ஒரு வார்த்தை யாரும் கேக்கல. பெத்தவதான, எதுக்குக் கேக்கணும்! ஆனா நான் வாயத் தொறக்கல. ஏன்னா ஞானஸ்நான விருந்து அங்க. எங்க அம்மாவும் மாமியாரும் மொத மொத ஒரே மேஜையில. மாமியார் புது செருப்பே வாங்கிட்டாங்க மேஸ்திரி. அந்த ஊர் மண்ணு பழைய செருப்புல ஒட்டிட்டு நம்ம வீட்டுக்குள்ள வந்துரக் கூடாதாம், அதுக்குத்தான் புதுசு. பரவால்ல. எப்படியோ கால் எறங்குதுல்ல? இன்னைக்கு நின்னு போச்சுன்னா, “பாத்தியா, கடவுளுக்கே இஷ்டமில்ல”ன்னுட்டு அந்தச் செருப்ப டப்பாவுல போட்டு மூடிருவாங்க. அப்புறம் இந்தப் பொண்ணு கல்யாணம் வரைக்கும் அந்த டப்பா தொறக்காது.

மறுபடியும் பெட்டியா? மாட்டேன்னா மாட்டேன். அந்தத் தாப்பாள அறுத்தீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா? மொந்தெலூப்பாக்காரங்க “நாங்க எழுநூறு வருஷம் எண்ணெய் போட்டுப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தத ஒரே ராத்திரியில ஒடச்சுட்டாங்க”ம்பாங்க. இவங்க “கோணத் தாப்பாள வேணும்னே குடுத்தாங்க”ம்பாங்க. ஆளுக்கு ஒரு துண்டு, இன்னொரு எழுநூறு வருஷம்!

என்ன “ம்ம், ம்ம்”? ஏணி வழியாப் போகலாம்ல, அதான கேக்கறீங்க? உங்கள மதிலேறி வர வெச்ச ஊரு, குழந்தைய அனுப்பாதான்னு? அனுப்பாது. பெத்ரால்தாவுல கல்யாணப் பொண்ணும் சவப்பெட்டியும் ஞானஸ்நானத்துக்குப் போற குழந்தையும் கதவு வழியாத்தான் போகணும். மதிலேறினது அந்த முந்நூறு திருடனுங்கதானாம். பூட்டுக்காரர் மட்டும் ஏறலாம், பள்ளத்தாக்குக்காரரு கணக்குல வர மாட்டாரு. கோவிச்சுக்காதீங்க, நான் சொல்லல, மாமியார் சொன்னாங்க.

நேத்து எப்படி இருந்துச்சு தெரியுமா! ரெண்டு கதவையும் சேத்து, தாப்பாள நாலு விரக்கடை உள்ள விட்டு, போட்டோ எடுத்தாங்க. “இன்னைக்கு ஒரு ராத்திரி நம்ம பாட்டன் பூட்டன் தூங்குன மாதிரி கதவச் சாத்திட்டுத் தூங்குவோம், காலைல தொறந்துக்கலாம்”னாரு ஒரேஸ்தே. எல்லாரும் கை தட்டுனாங்க. முழுசாத் தள்ளாதீங்க, பழைய இரும்புன்னு பத்து தடவ சொன்னாரு. நாலு விரக்கடைதான். காலைல வந்து பாத்தா கடைசி வரைக்கும் உள்ள போயி, கல்லுக்குள்ள சொருகி, உடும்பு மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்குது!

யாரு பண்ணுனதுன்னுதான் மேல கூட்டம். மொந்தெலூப்பா உளவாளின்னு ஒருத்தரு. பேய்னு ஒருத்தரு. இரும்பு குளிர்ல தானா நீளும்னு மருந்துக் கடைக்காரரு. படிச்சவரு, அவர நம்பித்தான் ஆகணும். ஜூன் மாசத்துல என்ன குளிரோ!

எந்தக் கூறுகெட்டது இந்த வேலையப் பண்ணுச்சோ! அறிவுன்னு ஒண்ணு வேணாம்? ஒரு தாப்பாள் இருந்தா உடனே தள்ளிப் பாக்கணுமா? கை சும்மா இருக்காதா?

…மேஸ்திரி, ஒண்ணு சொன்னா உங்களோட வெச்சுக்குவீங்களா? உங்களாலதான் இப்பப் பேசவே முடியாதே. நேத்து சாப்பிடறப்ப மாமியார் ஆரம்பிச்சாங்க. “இலேனியா, இது நம்ம தாப்பாளே இல்ல. அசல உங்க ஊர்க்காரங்க பதுக்கிட்டு, ஏதோ ரொட்டி அடுப்புக் கம்பியப் பெயிண்டடிச்சு அனுப்பிட்டாங்க. புடுங்குனது திருட்டு, குடுத்தது பொய்யி.” சாமுவேலே, என் புருஷன், சூப்புத் தட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டாரு. எங்க ஊர்ல கோயில் சுவத்துல தொங்கும் அது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு ஒரு பொண்ணு அத எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கணும். என் பன்னெண்டாவது வயசுல நான் தேச்சேன். அதுல ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். அடுப்புக் கம்பியாம்!

விடியக்காலம் செலேஸ்தே சிணுங்குனா. தூக்கிட்டு நடந்தேன். கால் தானா இங்க வந்துச்சு. அசல் தாப்பாள்னா அசல் துளையில பொருந்தணும்ல? பொருந்துதான்னு மட்டும் பாக்கலாம்னு, ஒரு கையில இவ, இன்னொரு கையால சும்மா லேசா… போகல. இடுப்பால ஒரு இடி இடிச்சேன். ‘டக்’! என்னா பொருத்தம் மேஸ்திரி! கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வெச்சு அளந்து செஞ்ச மாதிரி! பாத்தியா வேலியா அம்மா, எங்க ஊரு பொய் சொல்லாதுன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு, திரும்ப இழுத்தா… வரல. இழுத்தேன், உருவுனேன், கெஞ்சுனேன். வரல. வீட்டுக்குப் போய் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன்.

ஆமா, நாந்தான் அந்தக் கூறுகெட்டது. போதுமா?

ஐயோ, மணி! இல்ல இல்ல, இது மொந்தெலூப்பா மணி. பதினொண்ணரை. அப்ப இங்க பதினொண்ணு இருபத்தஞ்சு. பத்து நிமிஷம் இருக்கு. அங்க பாருங்க இடுக்கு வழியா, சதுக்கமே வெள்ளையா இருக்கு, சட்டையும் பாவாடையுமா. அந்தப் பால்கனியில மேஜை விரிப்ப ஆட்டுறது எங்க அம்மா. எல்லாம் தயார்னு அர்த்தம். கப்பெல்லெத்தி, அதான் கறி வெச்ச மாவுக் கொழுக்கட்டை, மடிச்சு வெச்சிருப்பாங்க, முந்நூறு… அது மட்டும் நெசமாவே முந்நூறு.

அடியே செலேஸ்தே! இப்பவா? வெள்ளக் கவுனுலயா? கொஞ்சம் நகருங்க மேஸ்திரி, நனைச்சுட்டா, நான் எந்திரிக்கணும்…

ஏய், ஏய், பெட்டியத் தொறக்காதீங்க! ஒரு நிமிஷம் எந்திரிச்சதுக்குள்ள! ரம்பம் வேணாம்னு எத்தன தடவ… இது என்ன? எண்ணெய்க் குப்பியா?

இவ்வளவு நேரமும் நீங்க கேட்டது… இதையா?

சொல்லியிருக்கலாம்ல! சரி சரி, அந்தக் கையக் குவிச்சு ஆட்டாதீங்க, புரியுது, நாந்தான் டார்ச்ச எடுக்க விடல. ஊத்துங்க. ரெண்டு சொட்டா? அவ்வளவுதானா? எழுநூறு வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு சொட்டா? தட்டுங்க… ஆடுது. ஆடுது! வருது மேஸ்திரி, வருது! சாமுவேலே! வண்டிய எடு! அத்தைய ஏறச் சொல்லு! செருப்பு, செருப்ப மறக்காமப் போட்டுக்கச் சொல்லு!

மேஸ்திரி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சாப்பாட்டுக்கு நீங்களும் எங்க கார்லயே வாங்க. ஒண்ணே ஒண்ணு. உள்ள இருக்கறவங்க கேட்டா தாப்பாள் மேல குத்தமில்ல, குளிர்ல நீண்டுச்சுன்னு சொல்லுங்க, மருந்துக் கடைக்காரரு சந்தோஷப்படுவாரு. அங்க கேட்டா கதவு மேலதான் குத்தம்னு சொல்லுங்க, எங்க அம்மா சந்தோஷப்படுவாங்க. இடுப்பு, கிடுப்புன்னு மட்டும்…

எடுக்காதீங்க, எடுக்காதீங்க! மொந்தெலூப்பா போய்ச் சேர்ற வரைக்கும் அந்த டார்ச்சு வாயிலயே இருக்கட்டும்.