கேனில் ஊற்றிய தண்ணீர்

கல்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் உப்பளத் தொழிலாளியும் அவருடைய தங்கையும் இருந்தார்கள். அவர் மடியில் ஒரு கேன். கிளினிக்கில் நடக்கும் சிறுநீரக ஆராய்ச்சிக்கு, ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரை அதில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம்.

“கொஞ்சம் தண்ணியும் ஊத்தினேன்” என்றார் அவர் மெதுவாக.

“என்னத்துக்கு நானா?”

“கால்வாசிகூட வரல்ல தங்கச்சி. லேடி டொக்டர்கிட்ட அப்பிடிக் குடுக்க வெக்கமா இரிக்காதா?”

“இதென்ன கலியாண வீட்டுச் சர்பத்தா, நிறைச்சுக் குடுக்க? வெயில்ல நிண்டு வேலை செய்றீங்க, தண்ணி குடிக்கிறதில்ல. எவ்வளவு போகுதெண்டு பார்த்துத்தானே மருந்து எழுதுவாங்க? கிட்னி நல்லா இரிக்குதெண்டு நினைச்சு மருந்தைக் குறைச்சா என்ன செய்வீங்க?”

அவர் கேனின் மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப திரும்ப ஒரு நாள் சேர்க்கணுமா?”

“ஓம்.”

“உப்பளத்துக்கும் கேனைத் தூக்கிக்கிட்டா?”

“ஓம். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தங்கை முதலில் இறங்கினார்.

“நான் டொக்டர்கிட்ட சொல்றேன் நானா.”

“நீ சொல்லாத. தண்ணி ஊத்தினவன் நான். நானே சொல்றேன்” என்று அவர் கேனை அணைத்துக்கொண்டு இறங்கினார்.