தேறின முகம்

றம்லா: ராத்தா... றாஹிலா ராத்தா. கண்ணத் தொறங்க. குப்பியில மருந்துக் குளிசை ஒண்டும் குறையல்ல.

றாஹிலா: சத்தம் போடாத புள்ள. வட்டையில நடந்துகிட்டு இரிக்கன்.

றம்லா: எந்த வட்டையில?

றாஹிலா: வீரமுனைப் பக்கம்... வயல் முழுக்கத் தண்ணி கட்டி நிக்குது. நான் தண்ணிக்கு மேலால நடக்கன். காலுல பாரமே இல்ல.

றம்லா: நீங்க பாயில படுத்திருக்கீங்க. பகல் லுஹர் பாங்கு சொல்லி ஒரு மணித்தியாலம்.

றாஹிலா: பாயிலயா... அதுதான் கால் நனையல்ல.

றம்லா: பகிடிய உடுங்க. டொக்டர் என்ன சொன்னவர்? காலையில மூண்டு, பகல்ல ரெண்டு...

றாஹிலா: வெறும் வயித்துல போடக் கூடாது. ஒனக்கு முதல் எனக்குத் தெரியும்.

றம்லா: தெரிஞ்சுமா பன்னிரண்டு நோம்பும் புடிச்சீங்க?

றாஹிலா: ஊரெல்லாம் புடிக்குது.

றம்லா: ஊருக்குத் தோள்மூட்டு நோகல்லியே. போன வருசம் தொழுகையில தக்பீர் கட்டக் கை காதுக்கு எழும்பாம அழுதீங்க. தலை சீவினதும் நான்தான். குளிசை போட்டு மூண்டாம் நாள் கை எழும்பினது.

றாஹிலா: எழும்பினது. நித்திரை போனது. பசி வந்தது. முகம் ஊதிப் பூசினிக்காயாப் போனது... இப்ப நித்திரையும் இல்ல, முழிப்பும் இல்ல புள்ள. கடல்ல தோணியக் கட்டிப் போட்ட மாதிரி. அலை வந்தா ஒசருறன், போனாப் பதியிறன்.

றம்லா: குளிசைய உட்ட சோர்வு அது. திடீரெண்டு உட்டா என்ன நடக்கும் எண்டு டொக்டர் உங்களுக்குச் சொல்லல்ல. எனக்குத்தான் சொன்னவர்.

றாஹிலா: என்னவாம்?

றம்லா: ...எழும்ப மாட்டீங்களாம்.

றாஹிலா: பாயிலருந்தா?

றம்லா: ராத்தா.

றாஹிலா: ம்... கல்முனைக்குடிச் சம்பந்தி ஊட்டாக்கள் நோம்புத் தலைப்பிறை அண்டு வந்தாங்களே. "மாஷா அல்லாஹ், நல்லாத் தேறிட்டீங்க" எண்டு கன்னத்தத் தொட்டுப் பாத்தாங்க. இந்த முகத்த வெச்சுக்கிட்டு நோம்ப உட்டா, நோயே இல்ல, கள்ள வருத்தம் எண்டுதான் கதைப்பாங்க.

றம்லா: கதைச்சிட்டுப் போகட்டும். செத்த பொறகு மையித்தப் பாத்துத் தேறிட்டா எண்டு சொல்ல மாட்டாங்க.

றாஹிலா: நாக்கு நீண்டிட்டு ஒனக்கு.

றம்லா: இப்பவே குளிசையப் போடுங்க. சோறு கொண்டு வாறன். இல்லாட்டி நம்மளுக்கு மூத்த பெரிய காக்காக்கிட்டச் சொல்லுவன்.

றாஹிலா: நில்லு... கதவச் சாத்து. அந்தக் குப்பி, நான் பகல்ல குளிசை போடல்ல எண்டு வாற போற ஆக்கள் பாக்கிறதுக்கு வெச்சது. போடுற குளிசை சீனி டின்னுக்குள்ள இரிக்கு. நீங்க எல்லாரும் விடியச் சுபஹு தொழுதுட்டுப் படுத்த பொறகு, அடுப்படியில சாமத்துச் சஹர் சோத்து மிச்சத்தத் திண்டு மூண்டு. லுஹருக்குப் பொறகு ரொட்டித் துண்டோட ரெண்டு. இண்டைக்கும் போட்டுட்டுத்தான் படுத்தன்.

றம்லா: அப்ப நோம்பு?

றாஹிலா: ஒண்டும் புடிக்கல்ல புள்ள. பன்னிரண்டும் பொய். ஒன்னோட இருந்து நோம்பு தொறக்கக்குள்ள, பேரீச்சம்பழத்த எடுக்க வெக்கமா இரிக்கு.

றம்லா: சுபஹுக்குப் பொறகு அடுப்படிக் கதவு சாத்துற சத்தம் எனக்குக் கேக்கும் ராத்தா. வருத்தத்துல உட்ட நோம்புக்கு ஏழைக்குக் குடுக்கிற அரிசிய, உங்கட பேரில தலைநோம்பில இருந்தே சபியா உம்மாட ஊட்ட குடுத்துட்டு வாறன். இண்டைக்குக் குப்பியப் பாத்துத்தான்... மெய்யாவே நோம்பு புடிக்கிறீங்களோ எண்டு பயந்துட்டன்.